மொட்டைமாடிக்கு அனுமதி கேட்டவர்

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதுவதென்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். கேட்காமல் எழுதினாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "பரவால்ல மேடம்" என்றுதான் சொல்வார். ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். அவருடைய கைபேசி எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. புனேயின் கிட்கி பகுதியில் அவர் குடும்பம் குடியிருந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். ஆகவே பெயரில்லாமலேயே சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறில் நான் புனேயில் ஒரு சிறிய கம்பெனியில் வேலை பார்த்தேன். மாநகராட்சியின் வட்டார அலுவலகங்கள், மருத்துவமனைகள், தீயணைப்பு நிலையங்கள், பிறப்பு இறப்புச் சான்றிதழ் தரும் மையங்கள் எல்லாவற்றையும் கம்பியில்லா இணையத்தால் ஒன்றோடொன்று இணைக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்திருந்தது. பழைய பேட்டைகளின் சந்துகளில் கேபிள் புதைக்க முடியாது. ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் குடிநீர்க் குழாய். அதனால் ஒரு மாடியில் கம்பம் நட்டு ஆண்டெனா வைத்து, அங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிற இன்னொரு மாடிக்கு ரேடியோ அலையை அனுப்புவது என்று திட்டம். நடுவில் ஒரு மரமோ சுவரோ வந்தால் போச்சு. எந்த மாடியிலிருந்து எந்த மாடி தெரியும் என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு குறிப்பது என் வேலை. குறித்த மாடிக்கு உரிமையாளரிடம் சம்மதம் வாங்குவது அவர் வேலை.

இந்தத் தொழிலில் அதற்கு 'இடம் பிடிப்பது' என்று பேச்சு. அவருக்கு அந்தச் சொல் பிடிக்காது.

"பிடிக்கிறதுக்கு நான் இன்னா ரவுடியா? கேட்டு வாங்கறேன்" என்பார்.

முப்பத்தைந்து வயதிருக்கும். உயரம், ஒல்லி. வெயிலில் அலைந்து அலைந்து கழுத்தும் கையும் ஒரு நிறம், சட்டைக்குள் ஒரு நிறம். அவர் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து கிட்கிக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். தமிழ் வீட்டில் பேசிய தமிழ்தான், படிக்கத் தெரியாது. மராத்தியில் கணக்குப் போடுவார், இந்தியில் சண்டையை விலக்குவார், தமிழில் சாப்பிட்டாயா என்று கேட்பார். யார் வீட்டு மாடியாக இருந்தாலும் படிக்கட்டு முடிகிற இடத்தில் செருப்பைக் கழற்றி விட்டுத்தான் ஏறுவார். மே மாதத்துத் தளத்தில் வெறுங்காலோடு நிற்பார். நான் முதல் நாள் செருப்போடு ஏறிவிட்டு அவரைப் பார்த்தேன். "நீங்க போட்டுக்கங்க. உங்க காலு பழகாது" என்றார்.

எதைச் செய்வதற்கு முன்னும் "விசாரூ கா?" என்று ஆரம்பிப்பார். மராத்தியில் 'கேட்கட்டுமா' என்று அர்த்தம். காவலாளியிடம், லிஃப்டில் நிற்பவரிடம், தெருவில் வண்டியைக் குறுக்கே நிறுத்தியவரிடம் எல்லாம் அதே இரண்டு சொற்கள். புனேயின் கேம்ப் பகுதியில் இருந்த எங்கள் அலுவலகத்தில் அவருக்கு அதையே பட்டப்பெயராக வைத்திருந்தார்கள். அவர் முன்னாலேயே கூப்பிடுவார்கள். சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்.

கேட்பது என்றால் உரிமையாளரிடம் கேட்டு ஒரு கையெழுத்து வாங்குவதோடு முடிகிற சமாச்சாரம் இல்லை அவருக்கு. கஸ்பா பேட்டையில் ஒரு மாடி. உரிமையாளர் மும்பையில் இருந்தார். அவர் சம்மதம் வந்துவிட்டது. ஆட்கள் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போனால், தளம் முழுக்கப் பழைய புடவைகள் விரித்து, கீழ்வீட்டுப் பெண்கள் குர்டயி என்கிற வடாம் பிழிந்து காயவைத்திருந்தார்கள். எங்கள் மேஸ்திரி ஒரு புடவையின் ஓரத்தைப் பிடித்து இழுக்கப் போனார். இவர் தடுத்துவிட்டார். கீழே இறங்கிப் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டி, "ஒரு கம்பம் நடப் போறோம். எந்த மூலையில நட்டா உங்களுக்கு இடைஞ்சல் இல்ல?" என்று கேட்டுவிட்டு வந்தார். அந்தப் பெண்கள் மேலே வந்து தங்களுக்குள் வாதாடி ஒரு மூலையைக் காட்டினார்கள். அந்த மூலையிலிருந்து பார்த்தால் எதிரில் ஒரு கோபுர உச்சி மறைத்தது.

"இங்க நட்டா சிக்னல் பாதிதான் வரும்" என்றேன்.

"பாதி வந்தா பத்தாதா?"

"பத்தாது."

"அப்ப கம்பத்த ஒசரமாக்கிடலாமா? கேட்டுச் சொல்லுங்க உங்க கணக்குகிட்ட."

உயரமாக்கினோம். ஒரு நாள் வேலை மூன்று நாளானது. மேனேஜர் என்னைத்தான் திட்டினார். அந்தக் கம்பத்தின் அடியில் அந்தப் பெண்கள் மறுவாரமே துணிக்கொடி கட்டிவிட்டார்கள். அதை அவிழ்க்கச் சொல்லி இவரிடம் எவ்வளவு சொல்லியும் போகவில்லை. காற்றில் கொடி ஆடிக் கம்பத்தை அசைக்கும்போதெல்லாம் வட்டார அலுவலகத்தில் இணையம் மெதுவாகும். "ஈரத்துணி காயட்டும் மேடம். அரை மணி நேரம் லேட்டா சர்டிபிகேட் வந்தா இன்னா?" என்றார். எனக்கு அன்று எரிச்சலாகத்தான் இருந்தது.

திருநெல்வேலியிலிருந்து தனியாக வந்து மகர்பட்டாவில் இன்னும் மூன்று பெண்களோடு அறையெடுத்துத் தங்கியிருந்தவள் நான். அவர்கள் யாருக்கும் தமிழ் தெரியாது. நாள் முழுக்க இந்தியும் ஆங்கிலமும் பேசிவிட்டு, மாலையில் அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, "அங்க இடது பக்கம் திரும்புதீங்களா?" என்று கேட்கும்போது வாய்க்கு ஒரு ஆறுதல் இருக்கும். என் 'திரும்புதீங்களா'வைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார். அவருடைய 'வந்துகினு போய்கினு'வை நான் சொல்லிக் காட்டுவேன். கூட வருகிறவர்களுக்கென்று எப்போதும் இன்னொரு ஹெல்மெட் வைத்திருப்பார். சில மாதங்களுக்குப் பிறகு அதில் என் தலையெண்ணெய் வாசனை நிரந்தரமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்கியில் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். கூப்பிடுவதற்கே ஒரு வாரம் சுற்றி வளைத்தார். வீட்டில் அவருடைய அக்காவும் அக்காவின் மகளும் இருந்தார்கள். அப்பா அம்மா காலமாகிவிட்டார்கள். அக்கா அவரைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கோழிக்குழம்பும் பாக்ரி என்கிற சோள ரொட்டியும் செய்திருந்தார். அவர் தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்தபோது அக்கா என்னிடம் சொன்னார்.

"என்ன பதினேழு வயசுல குடியாத்தம் பக்கத்துல கட்டிக் குட்த்தாங்கமா. யாரும் என்ன ஒரு வார்த்த கேக்கல. பஸ்ல ஏத்தறப்ப இவன் சின்னப் பையன், ஜன்னல்கிட்ட வந்து, 'நீ போறியாக்கா?'ன்னு கேட்டான். அது ஒண்ணுதான் என்ன கேட்டது. அவன்கிட்ட இன்னா சொல்றது, போறேன்னு சொன்னேன்."

ஆறு வருஷம் அடியும் உதையும் பட்டுவிட்டு, கைக்குழந்தையோடு அக்கா திரும்பி வந்திருக்கிறார். அதன்பிறகு தமிழ்நாட்டுப் பக்கமே போகவில்லை.

"இவன் எல்லாரையும் கேப்பான். தனக்குன்னு ஒண்ணும் கேக்க மாட்டான். அத மட்டும் நீ தெரிஞ்சிக்கமா" என்று சொல்லிவிட்டு என் தட்டில் இன்னும் குழம்பு ஊற்றினார். எதற்காகச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. குனிந்து சாப்பிட்டேன்.

நகரின் கிழக்கு ஓரத்தில், ஒரு குன்றுக்குப் பின்னால் மாநகராட்சியின் பிரசவ மருத்துவமனை ஒன்று இருந்தது. திட்டத்திலேயே எனக்கு முக்கியமாகப்பட்ட இடம் அதுதான். எந்த ரத்த வங்கியில் எந்த வகை ரத்தம் இருக்கிறது என்று அங்கிருந்தே திரையில் பார்க்கலாம். பிறந்த குழந்தையின் பதிவை அங்கேயே முடிக்கலாம். ஆனால் குன்று மறைத்தது. மருத்துவமனையும் வட்டார அலுவலகமும் இரண்டுமே தெரிகிற மாடி ஒன்றே ஒன்றுதான். ஒரு ஆறுமாடிக் குடியிருப்பு. அதன் சேர்மன் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மேல்மாடி வீடும் அவருடையதே. முடியாது என்று சொல்லிவிட்டார். மருமகள் கர்ப்பமாக இருந்தாள். அதற்குமுன் இரண்டு கலைந்திருந்தன. தலைக்கு மேலே கதிர்வீச்சுப் பெட்டி வைக்க விட மாட்டேன் என்றார்.

அவள் கையிலிருக்கும் செல்போனைவிட எங்கள் பெட்டியால் ஆபத்தில்லை என்று நான் ஒரு தாளில் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். இவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க சொல்றது கரெக்ட்டுதான் மேடம். ஆனா அவங்க என்கிட்ட கணக்கு கேக்கல. பயமா இருக்குன்னு சொல்றாங்க."

மேனேஜர் பொறுமை இழந்துவிட்டார். பொதுத் தேவைக்கான வேலை, மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வாங்கிக்கொண்டு ஆட்களோடு போய் நட்டுவிட்டு வா என்றார். இவர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே பதில் சொன்னார்.

"ஆர்டர் வாங்கலாம் சார். வாங்கினா அந்தப் பொண்ணு தெனமும் அத்த தலைக்கு மேல வெச்சிகினுதான் தூங்கணும். நான் கேட்டுட்டேன், இல்லன்னுட்டாங்க. இல்லன்னு சொல்ல முடியாதுன்னா நான் எதுக்குக் கேட்டேன்?"

அதற்குப் பதிலாக ஒரு பள்ளிக்கூடத்தின் உயரமான தண்ணீர்த்தொட்டியை அவரே தேடிக் கண்டுபிடித்தார். அங்கே வைத்தால் இடையில் இன்னொரு கம்பம் வேண்டும். பள்ளி நிர்வாகிகள் பெற்றோர் கூட்டத்தைக் கூட்டித்தான் முடிவு சொல்வோம் என்றார்கள். அந்தக் கூட்டம் வருஷத்துக்கு ஒருமுறை, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போதுதான். திறப்பு விழாவோ ஜனவரியில். பெரிய மனிதர்கள் வந்து பொத்தானை அழுத்தினார்கள். திரையில் நகரத்தின் வரைபடத்தில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எரிந்தன. மருத்துவமனையின் புள்ளியை முந்தின நாளே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். இவரை விழாவுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த வேலை முடிந்ததும் கம்பெனியில் இடமில்லை என்பதையும் அன்றே சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம் நாங்கள் இருவரும் அந்த மருத்துவமனையில் கம்பத்துக்கான அளவெடுத்துக்கொண்டிருந்தோம். தெருவில் பள்ளம் தோண்டியபோது தொலைபேசி கேபிள் அறுந்து காலையிலிருந்தே போன் இல்லை. குன்றுக்குப் பின்னால் செல்போனும் விட்டுவிட்டுத்தான் எடுக்கும். உள்ளே ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்கவில்லை. அபூர்வமான வகை ரத்தம். எந்த வங்கியில் இருக்கிறது என்று தெரியாமல் தலைமை நர்ஸ் வராந்தாவில் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார். இவர் சீட்டை வாங்கிக்கொண்டு வண்டியில் கிளம்பினார். முதல் வங்கியில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் கிடைத்துத் திரும்பி வருவதற்குள் அந்தப் பெண்ணுக்கு நினைவு தப்பிவிட்டிருந்தது.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அது தெரிய மாலையாகிவிட்டது. அதற்கு முன்னால், வராந்தாவில், நான் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு அந்த ஆர்டர வாங்கியிருந்தா இவங்களுக்கு இவ்வளவு நேரம் ஆயிருக்காது. நீங்க கேட்டுக்கிட்டே நிக்குதீங்க, உள்ள ஒரு உசிரு கெடக்கு."

அவர் திரும்பி, "அவங்க வீட்டுக்காரர் யாரு?" என்று நர்ஸிடம் கேட்டார். சுவரோரம் சிமெண்டு படிந்த காலோடு ஒரு கட்டடத் தொழிலாளி உட்கார்ந்திருந்தார். இவர் அவர் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இந்தியில் எல்லாவற்றையும் சொன்னார். இங்கே ஒரு கருவி வர வேண்டியிருந்தது, வந்திருந்தால் ரத்தம் சீக்கிரம் கிடைத்திருக்கும், என்னால்தான் வரவில்லை என்று சொன்னார். அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. ரத்தம் கொண்டுவந்தவர் இவர் என்பது மட்டும் தெரியும். இவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இவர் கையை விடுவித்துக்கொள்ளத் தெரியாமல் அப்படியே இருந்தார்.

திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "நீங்க சொன்னது சரி மேடம். ஆனா நாளைக்கே அந்த மாதிரி இன்னொரு மாடி வந்தாலும் நான் கேட்டுட்டுத்தான் செய்வேன். இது ரெண்டும் எப்படி சரியா இருக்கும்னு எனக்குத் தெர்ல."

எனக்கும் இன்றுவரை தெரியவில்லை. அந்த மருமகளுக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. சேர்மன் வீட்டிலிருந்து இவருக்குப் பேடா இனிப்பு வந்தது. மாடியை மட்டும் கடைசிவரை தரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் திருநெல்வேலியில் என் அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். நான் ஒரே பிள்ளை. ஊரில் ஒரு கல்லூரியில் வேலை தேடிக்கொண்டு கிளம்பினேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, கேம்ப்பில் அலுவலகத்துக்குக் கீழே இருந்த இரானி ஹோட்டலில் அவரோடு டீ குடித்தேன். அக்கா சொன்னது நினைவில் இருந்தது. அதனால் நானே ஆரம்பித்தேன்.

"ஊருல எல்லாரையும் என்ன வேணும்னு கேக்குதீங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

டீயைக் கீழே வைத்தார். பக்கத்து மேசையில் இரண்டு பேர் மராத்தியில் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க" என்றேன்.

ஊருக்கு வந்து ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்ப் பேசினேன்.

"அக்காவக் கேட்டேன். தமிழ்நாட்டுக்கு வர மாட்டேன்றா. அவள நான் வற்புறுத்தக் கூடாது. அவளையும் பொண்ணையும் இங்க தனியா விட்டுட்டு நான் வரவும் முடியாது. உங்கள, உங்க அப்பாவ விட்டுட்டு வாங்கன்னு..." அங்கே நிறுத்தினார். "அத்த நான் கேக்கக் கூடாது."

"கேட்டாத்தான் என்ன?" என்றேன்.

"நீங்க சரின்னு சொல்லிட்டா?"

பிறகு அப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். சொன்னேன். வைத்துவிட்டார். அதன்பிறகு தீபாவளிக்குப் பேசினார், பிறகு அதுவும் குறைந்தது. சில வருஷம் கழித்து எனக்குத் திருமணமானது. என் கணவர் நல்லவர். என் வாழ்க்கையில் குறையென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்று போனில் அவர் கேட்டிருக்கலாம். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அப்பா கட்டிலில் கிடக்க, முடியாது என்றுகூடச் சொல்லியிருப்பேன். பதில் எதுவானாலும் அந்தக் கேள்வியாவது என்னிடம் இருந்திருக்கும்.

பல வருஷம் கழித்து ஒரு கருத்தரங்குக்காகப் புனே போனபோது அந்த மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். கேபிள் வந்துவிட்டிருந்தது. எங்கள் கம்பங்களுக்கு வேலையில்லை. அந்தத் தலைமை நர்ஸ் ஓய்வுபெறும் வயதில் அங்கேயே இருந்தார். கம்பெனியை மூடிய பிறகும் இவர் சில வருஷம், யார் கூப்பிட்டாலும் வந்து பெட்டியைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போவாராம். அக்கா மகளுக்கு நாசிக்கில் வேலை கிடைத்து மூன்று பேரும் அங்கே போய்விட்டார்கள் என்றார். முகவரி அவருக்குத் தெரியவில்லை.

அவரை நினைக்கும்போது எனக்கு அந்த போன்கூட முதலில் ஞாபகத்துக்கு வருவதில்லை. வருவது அதற்கு முந்தைய ஜூன் மாதத்து மாலை ஒன்று. பள்ளிக்கூடம் திறந்து, பெற்றோர் கூட்டம் நடந்து, சம்மதம் கிடைத்து, தண்ணீர்த்தொட்டியின் மேல் ஆண்டெனா ஏறிவிட்டது. நான் திசையை ஒரு விரல், அரை விரல் என்று திருப்பிக்கொண்டே இருந்தேன். திடீரென்று சிக்னல் நின்று பிடித்தது. எதிரே குன்றின் ஓரமாக மருத்துவமனையின் ஓடு தெரிந்தது. நர்ஸ் கைபேசியில் கூப்பிட்டு, அன்று காலையில் பிறந்த ஒரு குழந்தையின் பதிவு போய்விட்டது என்று சொன்னார். வேலையாட்கள் கைதட்டிவிட்டு, கருவிகளை எடுத்துக்கொண்டு டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனார்கள்.

நானும் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். அவர் தொட்டியின் ஓரத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். மேற்கே சிம்மகட் கோட்டைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. அந்த வருஷத்தின் முதல் மழை.

"மேடம்" என்றார். பிறகு மேடத்தை விட்டுவிட்டு என் பெயரைச் சொன்னார். அதற்கு முன்பு சொன்னதில்லை. "இங்க கொஞ்ச நேரம் உக்காரலாமா?"

"உக்காரலாம்" என்றேன்.

பையை இறக்கி வைத்தேன். இருவரும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தோம். மழை நகரத்தின் மேல் நடந்து வருவது தெரிந்தது. முதலில் தூரத்துக் குன்று மறைந்தது. பிறகு ஆறு. பிறகு ஒவ்வொரு மாடியாக, நான் வரைபடத்தில் குறித்ததும் அவர் கேட்டு வாங்கியதுமான மாடிகள் மறைந்துகொண்டே வந்தன. பெண்கள் ஓடி ஓடித் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழேயிருந்து யாரோ எங்களை இறங்கி வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. மழை எங்கள் மேல் வந்து விழுந்தது.